மின்னலின் இதயத்தில் ஒரு குறுக்குச் சந்து

மருமகளாக வந்து டாக்டர் ஆனவள் இல்லை அவள். டாக்டராக வந்து மருமகள் ஆனவள். தொடைத்தசை கிழிந்து படுத்துக்கிடந்த ஆட்டக்காரனை எழுப்பி நடக்கவைக்க வந்த இடத்தில் அவனையே கட்டிக்கொண்டாள். அவன் இப்போது அணியின் கேப்டன். அவனுடைய அம்மா அந்தக் கால்பந்து கிளப்பின் சேர்மன். அக்காவுக்கு ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் வேலை. வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருகிற அதே ஆட்கள்தான் ஸ்டேடியத்தில் கூட்ட மேசையைச் சுற்றியும் உட்கார வேண்டும். ஓரிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் இன்னோரிடத்தில் அதே முகத்தில் விழித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு வாரமாக டாக்டர் அப்படித்தான் விழித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த பழைய மைதானத்தை விட்டுவிட்டு, கிளப் இந்தப் புது ஸ்டேடியத்துக்குக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. பழைய இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு கத்திய கூட்டம், இங்கே வந்ததும் நாலாபக்கமும் சிதறிவிட்டது. ஆட்டத்துக்கு ஆட்டம் காலி நாற்காலிகள் பல் விழுந்த வாயைப் போல இளித்தன.

“வீட்டைப் பெருசா கட்டிட்டு ஆள் வரலைன்னா அது வீடில்ல, கிடங்கு,” என்றார் மாமியார். “யானையை வாங்கியாச்சு. இனிமே அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது. கூட்டத்தை இழுக்கற மாதிரி ஒருத்தனைக் கொண்டு வா.”

நாத்தனார் கொண்டுவந்தாள். எல்லாரும் மின்னல் என்று கூப்பிடுகிற ஒரு முன்வரிசை ஆட்டக்காரன். பந்தைக் காலில் வாங்கினால் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் அடுத்த மூச்சு விடுவான் என்று பேர்.

கேப்டன் ஆடுவதும் அதே இடம்தான்.

“இருக்கற ஆளுக்கு என்ன குறைச்சல் அண்ணி?” என்று டாக்டர் போன வாரம் சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டாள்.

“நீ காலைப் பாரு டாக்டரம்மா, ஆட்டத்தை நான் பாத்துக்கறேன்,” என்றாள் நாத்தனார்.

கேப்டன் தண்ணீர் குடித்தான். மாமியார் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் பேச்சு கிடையாது.

இன்றைக்குத்தான் மின்னலுக்கு உடல் பரிசோதனை. கிளப்புகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அனுமதித்த காலம் இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. அதற்குள் டாக்டர் ‘ஆடத் தகுதியானவர்’ என்று கையெழுத்துப் போட வேண்டும்; அப்புறம்தான் ஒப்பந்தம்.

தன் புருஷன் இடத்துக்கு வருகிறவனுக்குத் தன் கையாலேயே கதவைத் திறந்துவிடுகிற வேலை.

காலையில் காரில் வரும்போது கேப்டன் ஏதோ ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினான்.

“உங்களுக்குக் கோபமே வரலையா?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“எதுக்காம். உங்க அக்கா உங்களை உக்கார வைக்க ஆள் கொண்டுவர்றாங்க. நீங்க சீட்டியடிக்கறீங்க.”

“நீ உன் வேலையைப் பாரு டாக்டரே. அவனை நல்லாப் பாத்து அனுப்பு. பாவம், புது ஆளு,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஸ்டேடியத்தின் வாசலில் சாரத்தின் மேல் நின்று இரண்டு பேர் ஒரு பெரிய படத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான விளம்பரம். மாமியார் சொல்லிச் செய்தது. கேப்டனின் முகம், மூன்று மாடி உயரத்துக்கு. காது மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

அதைப் பார்த்தபடி காரிலிருந்து இறங்கும்போதுதான் அவள் மனதில் அந்த நினைப்பு வந்தது. அழைக்காமலே வந்தது.

அந்தப் பையனிடம் ஏதாவது ஒரு குறை இருந்துவிடக் கூடாதா?

2

புது ஸ்டேடியத்தின் மருத்துவ அறை இன்னும் பெயின்ட் வாசனையோடு இருந்தது. கட்டிலின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் போன வாரம்தான் கிழித்தார்கள்.

மின்னல் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தான். இருபத்து மூன்று வயதுக்கு இன்னும் சின்னவனாகத் தெரிந்தான். ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான்.

“சுவர்ல பார்த்தேன் டாக்டர். வாசல்ல. கேப்டன் படம்,” என்றான். “நான் ஸ்கூல்ல படிக்கும்போது அவரோட ஒரு கோலை மட்டும் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது.”

“படுங்க,” என்றாள் அவள்.

முழங்கால்களை மடக்கிப் பார்த்தாள், திருகிப் பார்த்தாள். கணுக்காலை அழுத்தினாள். இடுப்பு, முதுகு, தோள். ஸ்கேன் படங்களை விளக்குக்கு முன்னால் பிடித்துத் துருவினாள். எதுவும் இல்லை. புதுப் பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது உடம்பு. ரத்தம் சரி. கண் சரி. நுரையீரல், ஊதச் சொன்னால் இயந்திரத்தையே தள்ளிவிடும் போலிருந்தது.

கடைசியாக இ.சி.ஜி. நெஞ்சிலும் கைகால்களிலும் ஒட்டவேண்டியதை ஒட்டி, இயந்திரத்தைத் தட்டினாள். கோடு ஓடத் தொடங்கியது. சின்னதும் பெரியதுமாக மலைகள், ஒரே அளவில், ஒரே தூரத்தில்.

வேறு நாளாக இருந்தால் கொஞ்ச தூரம் ஓடவிட்டு நிறுத்தியிருப்பாள். இன்றைக்கு நிறுத்தக் கை வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தாளை ஓடவிட்டாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது.

செங்குத்தாக எழ வேண்டிய மலையின் அடிவாரத்தில் ஒரு சரிவு. ஏற வேண்டிய நேரத்துக்கு முன்பே யாரோ ஏறத் தொடங்கிவிட்டது போல. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததும். பிறகு எல்லாம் பழையபடி ஒழுங்காகிவிட்டது.



கருநாக்கு என்று சொல்வார்கள், சிலர் வாயில் வருவதெல்லாம் பலித்துவிடும். இவள் வாயால்கூடச் சொல்லவில்லை. மனதில் நினைத்தாள், நினைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. எதிரே தாளில் கிடக்கிறது.

இல்லை, இது நிஜமாகவே இருக்கிறதா? அல்லது வேண்டும் என்று நினைத்ததால் தெரிகிறதா?

ஒட்டியதையெல்லாம் பிய்த்தாள். நெஞ்சைத் துடைத்து மறுபடி ஒட்டினாள். மறுபடி ஓடவிட்டாள். நீண்ட நேரம் எல்லாம் சரியாகவே போயிற்று. அப்பாடா என்று மூச்சு விடப்போகும் நேரத்தில் சரிவு மறுபடி வந்தது.

“என்ன டாக்டர், மெஷின் புதுசா?” என்றான் மின்னல், கூரையைப் பார்த்துக்கொண்டே. குரலில் வேடிக்கை இருந்தது. ஆனால் கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“தம்பி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டது உண்டா? ஓடி முடிச்சு நின்ன பிறகும் நிக்காம?”

“இல்லியே.”

“தலை சுத்தல்? கண்ணு இருட்டிக்கிட்டு?”

அவன் எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேடினான். சட்டை கையிலேயே இருந்தது.

“யார்கிட்டயும் சொன்னதில்ல,” என்றான் கடைசியில். “அம்மாகிட்டகூட. ரெண்டு மூணு தடவை டாக்டர். திடீர்னு உள்ள ஒரு குதிரை ஓடற மாதிரி. ஒரு தடவை டிரெஸ்ஸிங் ரூம்ல விழுந்துட்டேன். ஷூ மாட்டக் குனிஞ்ச மாதிரி அப்படியே தரையில உக்காந்துட்டேன். யாரும் கவனிக்கல. அதுவா வந்துச்சு, அதுவா போயிடுச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அத்தோட முடிஞ்சுதே. காலு உடைஞ்சா கட்டு போட்டுட்டு வரலாம். இதயம்னு ஒருத்தன் சொல்லிட்டா அப்புறம் யாரு டாக்டர் பந்தைக் காலுக்குக் குடுப்பாங்க?” அவன் குரல் உடைந்தது. “எழுதாதீங்க டாக்டர். இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். வேற எதுவும் எனக்கு வராது.”

அவள் இ.சி.ஜி. தாளை மடித்தாள். காலையில் தான் நினைத்தது இவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வான்?

“இதோ பாரு. உன் உடம்பு உன்னோடது. நீ சரின்னு சொல்லாம நான் வெளியில ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா, தகுதின்னு கையெழுத்தும் போட மாட்டேன். போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை நீ புல்லுல விழுந்தா நான் எங்க போய் முட்டிக்கறது? எனக்கு இது என்னன்னு கொஞ்சம் தெரியும். நான் நினைக்கறது சரின்னா, இதுக்கு வழி இருக்கு. ஆனா என் கண்ணை மட்டும் நம்பாதே. இன்னொருத்தர் பாக்கட்டும்.”

அவன் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டான்.

“சொல்லுங்க,” என்றான். “சேர்மன்கிட்ட சொல்லுங்க.”

3

சேர்மன் அறையில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. அதற்கு வெளியே மைதானம் பச்சைப் பசேலென்று கிடந்தது. மாமியார் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நாத்தனார் இரண்டு காதிலும் மாற்றி மாற்றிப் போன் பேசிக்கொண்டிருந்தவள், டாக்டர் வந்ததும் வைத்தாள்.

டாக்டர் எல்லாவற்றையும் சொன்னாள். முடித்த பிறகு நாத்தனார் மெதுவாகக் கைதட்டினாள்.

“அடேயப்பா. எனக்குத் தெரியும். ஏதாவது ஒண்ணு வரும்னு தெரியும். முழங்கால்ல வரும்னு நினைச்சேன். நேரா இதயத்துக்கே போயிட்டியே!”

“அண்ணி, நான் வேணும்னே…”

“அவன் ஆடின கிளப்புல டாக்டரே இல்லியா? அவங்க கண்ணெல்லாம் பொட்டையா? உன் ஒருத்தி கண்ணுல மட்டும் பட்டுதாக்கும். அதுவும் இன்னைக்கு, சாயங்காலத்தோட கதவைச் சாத்தப் போற நாள்ல!”

“கொஞ்சம் நிறுத்து,” என்றார் மாமியார். மகளைத்தான் சொன்னார், ஆனால் பார்வை மருமகள் மேல் இருந்தது. “நீ சொல்றது நிஜமா இருந்தா சரி. ஒருவேளை தப்பா இருந்தா, ஊரு என்ன சொல்லும் தெரியுமா? புருஷன் இடம் போகக்கூடாதுன்னு பெண்டாட்டி வந்தவனை விரட்டிட்டாள்னு சொல்லும். அதை நான் தடுக்க முடியாது.”

“தெரியும் அத்தை.”

“தெரிஞ்சும் சொல்றியா?”

“அதனாலதான் அத்தை, நான் பாத்ததை வெச்சு முடிவு பண்ணாதீங்க. இதயத்துக்குன்னே இருக்கற டாக்டர் பாக்கட்டும். நான் கூட வர்றேன், ஆனா அறைக்குள்ள போக மாட்டேன். என்ன பாத்தேன்னும் சொல்ல மாட்டேன். அவர் புதுசா, அவரே பாக்கட்டும். அவர் ஒண்ணுமில்லைன்னுட்டா அங்கேயே கையெழுத்துப் போடறேன். அப்புறம் இந்த வேலையிலயும் இருக்க மாட்டேன்.”

கடைசி வாக்கியம் அவளுக்கே புதிது. வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் கேட்டது.

மாமியார் எழுந்து கண்ணாடிப் பக்கம் திரும்பினார். கீழே கேப்டன் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தான்.

“ரெண்டு பேரும் போங்க,” என்றார். “சாயங்காலத்துக்குள்ள வந்து சேருங்க.”

4

காரைக் கேப்டன்தான் ஓட்டினான். யாரும் கூப்பிடவில்லை, எங்கே போகிறார்கள் என்று கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். முன்னால் அவனும் மின்னலும். பின்னால் நாத்தனாரும் டாக்டரும், நடுவில் இன்னொருவர் உட்காரலாம் போல இடம்விட்டு.

“சீட்டைப் பின்னால தள்ளிக்க தம்பி. கால் நீளமான ஆளு,” என்றான் கேப்டன். பிறகு வழியெல்லாம் பழைய மைதானத்தைப் பற்றியே பேசினான். மழை பெய்தால் ஒரு கோல் கம்பம் குளத்துக்குள் நிற்குமாம். கோல்கீப்பர் நீச்சல் தெரிந்தவனாக இருக்க வேண்டுமாம். மின்னல் முதலில் சும்மா ‘ம்’ கொட்டினான். பாலத்தைத் தாண்டும்போது சிரித்துவிட்டான்.

மருத்துவமனையில் மின்னலைக் கதவுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். கேப்டன், “நான் கூட இருக்கேன்,” என்று அவனோடு உள்ளே போய்விட்டான்.

நடையில் போட்டிருந்த பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். யாரோ தரையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டி ஒன்று கீச்சிட்டது. நாத்தனாரின் போன் அடித்தது. பார்த்துவிட்டு எடுக்காமல் பைக்குள் போட்டாள்.

டாக்டருக்குச் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

“நான் நினைச்சேன் அண்ணி.”

“என்னத்தை?”

“காலையில. அந்தப் பையன்கிட்ட ஏதாவது குறை இருக்கணும்னு நினைச்சேன். நிஜமாவே. அதனாலதான் மெஷினை நிறுத்தாம ஓடவிட்டேன். நீங்க சொன்னதுல பாதி உண்மை. தேடித்தான் பாத்தேன்.”

நாத்தனார் அவளை நேராகத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் அந்தக் கண்கள் அவள் முகத்துக்கு வந்தன.

“என் தம்பிக்கு இது தெரியுமா?”

“தெரியாது.”

“அம்மாவுக்கு?”

“உங்ககிட்டதான் சொல்றேன்.”

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு திறந்தது.

இதய மருத்துவர் ஆள் மலை மாதிரி இருந்தார். குரல் மட்டும் புல்லாங்குழல் போல மெலிந்திருந்தது. அவருக்குப் பின்னால் கேப்டன் வந்தான், மின்னலின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

“இவரை அனுப்பின டாக்டர் யாரு?” என்றார்.

டாக்டர் எழுந்து நின்றாள். 

“இதயத்துக்குள்ள மின்சாரம் போறதுக்கு ஒரே ரோடுதான் இருக்கணும்,” என்றார் அவர், எல்லாருக்கும் புரியட்டும் என்று. “இவருக்குப் பிறக்கும்போதே பக்கத்துல ஒரு குறுக்குச் சந்து இருக்கு. சில துடிப்பு ரோட்டுல போகுது, சில துடிப்பு சந்துல புகுந்து முன்னாடியே போயிடுது. எப்பவாவது ரெண்டுலயும் மாறி மாறிச் சுத்த ஆரம்பிச்சுடும். அதுதான் இவர் சொல்ற குதிரை. பேரு மின்னல்னு சொன்னாரு. சரியாத்தான் வெச்சிருக்காங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பயப்படாதீங்க. எக்கோ எடுத்தாச்சு. இதயத் தசை இரும்பு மாதிரி இருக்கு. வால்வெல்லாம் சுத்தம். அந்தச் சந்தை மட்டும் அடைக்கணும். தொடைப் பக்கம் ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு கம்பியை விட்டு, உள்ள போய்ச் சூடு வெச்சு அடைச்சுடுவோம். நெஞ்சைத் திறக்கறதெல்லாம் கிடையாது. அடுத்த நாளே நடந்து வீட்டுக்குப் போகலாம். உள்ள போய்ப் பாத்தாத்தான் முழுசாச் சொல்ல முடியும். ஆனா இந்தப் படத்தைப் பாத்தா எனக்குக் கவலையில்ல. ஒரு மாசம் ஓய்வு. அப்புறம் ஓடட்டும். உங்க கூரை இடியற மாதிரி கோல் அடிக்கட்டும்.”

“இப்படியே விட்டிருந்தா?” என்று நாத்தனார் கேட்டாள். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

“ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கும். ஆட்டத்துக்கு நடுவுல விழுந்தும் இருக்கலாம். அந்தச் சூதாட்டம் வேண்டாம்.” அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். “கண்ணாமூச்சி ஆடற சந்தும்மா இது. கொஞ்ச நேரம் பாத்துட்டு எழுந்து போறவங்க கண்ணுல படாது. முன்னாடி பாத்தவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. நீங்க எப்படிப் பிடிச்சீங்க?”

டாக்டர் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். 

“எங்க டாக்டர் அவசரப்பட மாட்டா சார்,” என்றாள் நாத்தனார். “நிதானமாத்தான் பாப்பா.”

மருத்துவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மின்னல் அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான். பதறிப்போய் மூன்று பேரும் குனிந்தார்கள். அவன் மயங்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீரோடு.

“அடைச்சுடலாமாம்,” என்றான். “கேட்டீங்களா? சும்மா அடைச்சுடலாமாம்! இதைப் போயி இத்தனை நாளா மடியில கட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.”

கேப்டனும் தரையிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். தன்னைவிடப் பத்து வயது சின்னவனின் தலைமுடியைக் கலைத்துவிட்டான்.

நாத்தனார், தம்பி பெண்டாட்டியின் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள்.

“எதுக்காகப் பாத்தா என்ன? பாத்தியே. அது போதும். காலையில சொன்னியே, வேலையை விடறேன்னு. அந்த மாதிரி இன்னொரு தடவை சொன்னே, பாரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நான் பேசினதுதான் தப்பு. கைதட்டினேன் பாரு, அந்தக் கையை உடைக்கணும்.”

“விடுங்க அண்ணி.”

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எதுக்காக இவனைக் கொண்டுவந்தேன்னு…” என்று தொடங்கியவள், தரையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்ததும் நிறுத்தினாள். “இல்ல. அது நான் சொல்ல வேண்டியது இல்ல.”

5

சேர்மன் அறையில் இந்த முறை ஐந்து பேர் இருந்தார்கள். வெளியே வெயில் சாய்ந்து, மைதானத்தில் பாதி நிழலாகிவிட்டிருந்தது.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மகளைப் பார்த்தார்.

“உன் யோசனை என்ன?”

“வேற ஆள் தேட நேரமில்ல அம்மா. இவனை எடுத்தா ஒரு மாசம் உக்கார வைக்கணும். எடுக்கலைன்னா இந்த வருஷத்துக்கு யாருமில்ல. நான் எடுக்கலாம்னு சொல்வேன்.”

“நீ?” மருமகளிடம் கேட்டார்.

“உடம்பைப் பத்தித்தான் என்னால சொல்ல முடியும் அத்தை. அதுல இனிமே எனக்குப் பயமில்ல. சந்தை அடைச்சு ஒரு மாசம் கழிச்சு ஆடலாம்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன்.”

மின்னல் நின்றபடியே, “சேர்மன், நீங்க வேண்டாம்னு சொன்னாலும் எனக்கு வருத்தமில்ல,” என்றான். “இங்க வந்திருக்கலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது.”

மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உக்காருப்பா. ஒரு மாசம்தானே? அதுக்குள்ள ஸ்டேடியம் எங்கயும் ஓடிப்போயிடாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்குவோம். இன்னொண்ணு. உண்மையைச் சொன்னவனை அன்னைக்கே திருப்பி அனுப்பினா, நாளைக்கு எந்த ஆட்டக்காரன் நம்ம டாக்டர்கிட்ட வந்து வாயைத் திறப்பான்? சொல்லாம மறைச்சு மறைச்சு ஒவ்வொருத்தனா விழுவான். அப்படி ஒரு டீம் எனக்கு வேண்டாம். பேனா எங்க?”

நாத்தனார் பேனாவை நீட்டினாள். மின்னல் கையெழுத்துப் போடும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி போட்டான். அதைப் பார்த்து முதலில் சிரித்தது மாமியார்தான். அப்புறம் அறையே சிரித்தது. டாக்டர் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஞாயித்துக்கிழமைக்கு என்ன கவலை?” என்றார் மாமியார், மகனின் முதுகில் ஒரு தட்டு தட்டி. “இவன் இருக்கான். இவன் பாத்துக்குவான்.”

கேப்டனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் முன்னதாகவே முடிந்துவிட்டது.

6

டாக்டர் மருத்துவ அறையைப் பூட்டக் கிளம்பியபோது கேப்டன் வாசலில் நின்றான்.

“கிளம்பலாமா?” என்றாள். “இன்னைக்கு வெளியில சாப்பிடலாம். எனக்கு சமைக்கத் தெம்பில்ல. சந்தோஷத்துலயே கால் வலிக்குது.”

அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். ஷூவைக் கழற்றினான். போய்க் கட்டிலின் மேல் உட்கார்ந்தான், காலையில் மின்னல் பிடித்திருந்த அதே மாதிரி, இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

“என்னங்க?”

“புருஷனா வரல. ஆட்டக்காரனா வந்திருக்கேன்,” என்றான். “ஆஸ்பத்திரியில அந்தப் பையன், அந்தப் பெரிய டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னான். குதிரை ஓடினது, விழுந்தது, அம்மாகிட்ட மறைச்சது. நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். எனக்கு வெக்கமா போச்சு. இத்தனை வருஷம் டாக்டர் பக்கத்துலயே படுத்துத் தூங்கறவன் நான்.”

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

“இடது இடுப்பு. போன சீசன்லேருந்து. ஆட்டம் முடிஞ்ச ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது. நீ தூங்கின பிறகு எழுந்து நடப்பேன். உன்கிட்ட சொன்னா ஆடாதேம்பே. அம்மாகிட்ட சொல்ல வாய் வரல. அக்காகிட்ட மட்டும் சொன்னேன். என் இடத்துக்கு ஒருத்தனைப் பாருக்கா, அந்த மின்னலைப் பாருன்னு நான்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். ஒரு வாரமா நீ அவகிட்ட முகம் குடுத்துப் பேசல, அப்பவும் அவ வாயைத் திறக்கல பாரு.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. காலையிலிருந்து, இல்லை, ஒரு வாரமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டது போலிருந்தது. இவனுடைய இடத்தை யாரும் பிடுங்கவில்லை. இவனேதான் கொடுத்திருக்கிறான். அந்தச் சீட்டிக்கு இப்போது அர்த்தம் புரிந்தது.

“படுங்க,” என்றாள்.

படுத்தான். காலை மடக்கி மெல்ல வெளிப்பக்கம் சாய்த்தாள். அவன் பல்லைக் கடித்தான்.

“கத்தணும்னா கத்துங்க. இங்க நான்தான் இருக்கேன்.”

“ஐயோ!” என்றான் கேப்டன், மனதாரக் கத்தி. பிறகு சிரித்தான். “அப்பா, எவ்வளவு நிம்மதியா இருக்கு கத்தறதுக்கு.”

இன்னொரு பக்கம் திருப்பிப் பார்த்தாள். படம் எடுத்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இவன் மைதானத்தில் இறங்கக் கூடாது என்பதைச் சொல்ல அவளுக்குப் படம் தேவைப்படவில்லை. மின்னலுக்கு ஒரு மாதம் ஓய்வு. இவனும் இல்லையென்றால் முன்வரிசையில் யார்? வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு இவன் முகத்தை ஒட்டி வைத்திருக்கிற அம்மாவிடம் இதை யார் சொல்வது?

நடையில் குதிகால் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது.

“யாரு கத்தினது?” மாமியாரின் குரல். “ரெண்டு பேரும் உள்ளதான் இருக்கீங்களா?”

கேப்டன் சட்டென்று எழுந்து உட்கார்ந்து ஷூவைத் தேடினான். உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினான்.

டாக்டர் அவனைப் பார்த்தாள். அவனுடைய ஷூவைத் தன் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

“உள்ளதான் இருக்கோம் அத்தை,” என்று சொல்லிக்கொண்டே போய்க் கதவை அகலத் திறந்தாள். “வாங்க. வந்து உக்காருங்க. உங்க பையன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”